தண்டவாளம் பிடுங்கிய தியாகி

இந்திய சுதந்திரத்துக்கு முதல் ஆணியைப் பிடுங்கிய ஊர் தர்மபுரிதான் என்பதை இனி உலகம் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். நாற்பத்திரண்டு ஆகஸ்டில், மொரப்பூரிலிருந்து வரும் ரயில் பாதையில் அது பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர் தியாகி பச்சியப்பன். பிடுங்கியதைப் பார்த்தவர்தான் இன்னும் கிடைக்கவில்லை.

முதலாம் ஆண்டு சுதந்திர தின மலருக்காக ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளை எழுதி வாங்கும் வேலை ராஜாமணி வாத்தியார் தலையில் விழுந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து போன மாதம்தான் மாற்றலாகி வந்தவர். மலர்க் குழுத் தலைவரான பச்சியப்பனிடம் முடியாது என்று சொல்லும் அளவுக்கு இன்னும் ஊர் பழகவில்லை. ஏழு பெரியவர்களைப் பார்த்தார். ஏழு பேருக்கும் பேரன் பிறந்த நட்சத்திரம் வரை ஞாபகம் இருந்தது; அந்த ஆகஸ்டு மட்டும் மறந்துபோயிருந்தது.

எட்டாவது ஆள் மாரப்பன், அந்தப் பாதையில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்தவர். அங்கே இப்போது ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. வெறும் மண்மேடு, அதன் ஓரத்தில் அவர் குடிசை. இந்த முறை பச்சியப்பனே மொடமொடக்கும் கதரில் கூட வந்திருந்தார்.

"யோவ் மாரப்பா, தியாகிங்களுக்கு நிலம் குடுக்கப் போறாங்க. நான் இந்த மேட்டைத்தான் கேட்டிருக்கேன். வாத்தியாருக்கு ஒழுங்கா சாட்சி சொன்னா உன் குடிசை இங்கியே இருக்கும். இல்லேன்னா நாளைக்கே பிரிச்சிக்கினு போயிடு."

மாரப்பன் குடிசைக்குள் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி சின்னக்கா இடுப்பொடிந்து நாலு மாதமாகப் பாயில் கிடந்தாள்.

"இவளைத் தூக்கிக்கினு நான் எங்கங்க போவேன்? சொல்றேனுங்க. என்னா சொல்லணும்?"

"நடந்ததைச் சொல்லணும் பெரியவரே" என்றார் வாத்தியார்.

"என்னா நடந்துச்சுன்னு ஐயாவே சொல்லிட்டா தேவலைங்க."

பச்சியப்பன் இருமினார். வாத்தியார் அவசரமாகக் காகிதத்தைப் பிரித்தார்.

"இந்தக் குடிசையில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"வேலை போனதுல இருந்துங்க. ஏழு வருசம் ஆவுது."

வாத்தியார் விரல் மடக்கிப் பார்த்தார். நாற்பத்தெட்டில் நாற்பத்திரண்டு போனால் ஆறு. வயசானவர் கணக்கு முன்னேபின்னே இருக்கும் என்று தாமே திருத்தி 'ஆறு' என்று எழுதிக்கொண்டார்.

"தண்டவாளத்தைப் பிடுங்கினதைக் கண்ணால பார்த்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"தூரத்துல இருந்தா?"

"ரொம்பக் கிட்டத்துலங்க. இதோ, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரம்."

இத்தனை நல்ல சாட்சியைப் பச்சியப்பனே எதிர்பார்க்கவில்லை. துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பயமா இல்லையா?"

"கால் மேல வுழுந்துருமோன்னுதான் பயம்."

'உயிருக்கு அஞ்சினேனில்லை' என்று வாத்தியார் எழுதினார்.

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்னாங்க. தண்டவாளம் போச்சு, என் சோறும் போச்சு."

'என் உத்தியோகத்தைத் தேசத்தின் பாதங்களில் அர்ப்பணித்தேன்' என்று எழுதி, வாத்தியார் உரக்கப் படித்துக் காட்டினார். யாரோ புண்ணியவானுடைய கதையைக் கேட்பதுபோல மாரப்பன் கைகட்டிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டைவிரலை நீட்டினார்.

மை காய்வதற்குள் பச்சியப்பன் தாராளமாகிவிட்டார். "குடிசை உன்னுதுதான்யா. சாவற வரைக்கும் இரு. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"என்னாவாம்?" என்று உள்ளேயிருந்து சின்னக்காவின் குரல் வந்தது.

"இருக்கலாமாம் புள்ள" என்றார் மாரப்பன்.

வாத்தியார் காகிதங்களை மடிக்கப் போனவர் நின்றார். சாட்சியத்தை மலருக்கு ஒன்றும் நில மனுவுக்கு ஒன்றுமாக இரண்டு படி எடுக்க வேண்டியிருந்தது. மனுவோடு சேரும் தாலுகா கச்சேரி பாரத்தில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

"இதையும் நிரப்பணும் பெரியவரே. வேலையை விட்ட வருஷமும் காரணமும். சாட்சி பாதையில வேலை பார்த்த ஆளுதான்னு தெரியணுமாம். இல்லேன்னா தாசில்தார் மனுவைத் திருப்பி அனுப்பிடுவார்."

"சொல்லுய்யா, தைரியமா சொல்லு" என்று பச்சியப்பன் முதுகில் தட்டினார்.

மனு திரும்பி வந்தால் குடிசை போய்விடும் என்பது மாரப்பனுக்குப் புரிந்தது. இந்த ஒரு பதிலிலாவது பிசகு வந்துவிடக் கூடாது என்று கண்ணை மூடி யோசித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நாப்பத்தொண்ணுங்க. யுத்தத்துக்கு இரும்பு வேணும்னு வெள்ளக்கார தொரை மொத்த லைனையும் எடுக்கச் சொன்னாரு, நாங்கதான் கழட்டி லாரியில ஏத்திவுட்டோம்."