ஒரு மணி பத்து நிமிடம்

"சாவு வீட்ல குந்திக்கினு எவனாவது போனை நோண்டிக்கினு இருப்பானா?"

சம்பூர்ணம் பொருமினாள். ஏனாத்தூர் கிராமமே வாசலில் கூடி நிற்கிறது. அவள் தம்பி ராமராஜனோ பந்தல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இறந்தது அவன் மகள் ஜோதிகா. இருபத்து மூன்று வயது. மதுரையில் வேலை. நாலு நாளைக்கு முன்னால் ஸ்கூட்டியில் போனவளை வேன் இடித்துவிட்டது. கண் திறக்கவே இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டர்கள் சொன்னதும், ஆக வேண்டியதைப் பார்க்க ராமராஜன் மட்டும் முதலில் ஊர் திரும்பியிருந்தான். அவன் மனைவி கலாவதி ஆம்புலன்சில் உடம்போடு வந்துகொண்டிருந்தாள்.

"வண்டி எங்கடா வருது?"

"இப்பதான் மதுரையை விட்டுக் கிளம்பிச்சாம்கா. எட்டு மணி நேரமாவது ஆவும்."

சொல்லிவிட்டு மறுபடி போன். எழுந்தான். தெருமுனை வரை நடந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான்.

சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள். போனில் ஒரு மேப். அதன்மேல் மஞ்சளாக ஒரு குட்டி விமானம் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது.

காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஜான்சன் பக்கத்தில் நின்றான். ஏர்போர்ட் சவாரி அவனுக்குப் பழக்கம். ராமராஜன் அவனிடம் கேட்டான்.

"ஏம்பா, மதுரையிலேர்ந்து மெட்ராசுக்கு பிளேன்ல ஒரு மணி பத்து நிமிஷம்தானே?"

"ஆமாண்ணே. நானூறு கிலோமீட்டருக்கு மேல இருக்குது இல்ல."

"மேகமா இருந்தா லேட்டாவுமா?"

சம்பூர்ணம் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். "பொண்ணு வேலை செஞ்ச கம்பெனியிலேர்ந்து பெரிய ஆபீசர் வர்றாரு போல. அவரைக் கும்பிடணும்ல. பொணம் எப்ப வந்தா இவனுக்கு இன்னா?"

திடீரென்று ராமராஜன் கத்தினான். "ஜான்சா! பிளேன் சுத்திக்கினே இருக்குதுப்பா! ஏன் இறங்க மாட்டேங்குது?"

"ரன்வே காலியாவணும்ணே. பத்து நிமிஷம் ஆவும்."

"பத்து நிமிஷமா!"

சம்பூர்ணத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"பெத்த பொண்ணுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல நீ. எவனோ பிளேன்ல வர்றதுக்கு இந்தத் துடி துடிக்கிறியே. நீயெல்லாம் ஒரு அப்பனாடா?"

ராமராஜன் கையை நீட்டிக்கொண்டே நின்றான்.

"அக்கா, அப்புறம் திட்டுக்கா. இறங்கிடுச்சான்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

அவள் கையில் இருந்த போனை ஜான்சன்தான் எட்டிப் பார்த்தான். சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுச் சொன்னான். "இறங்கிடுச்சுண்ணே."

ராமராஜன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"அப்படி யாருடா அதுல வர்றது?"

"ஜோதிகாவோட இருதயம்கா. நானும் கலாவதியும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். யாருக்குன்னு சொல்ல மாட்டாங்களாம். எடுத்து நாலு மணி நேரத்துக்குள்ள வெச்சாவணுமாம்..."

முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

சம்பூர்ணம் அவன் தலையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு ஜான்சனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்பா, இந்நேரத்துல மெட்ராஸ் ரோட்டுல கூட்டமா இருக்குமே... வழி வுடுவாங்க இல்ல?"