சாரைக் கொல்ல இருபத்திரண்டு பேர்

மூன்றாவது டேக்கிலும் அவர் சரியாகச் சாகவில்லை.

கோடரி கழுத்தில் பட்டதும் வலது கையை மணலில் ஊன்றினார். பிறகு முழங்காலை மடக்கினார். பிறகு, வேட்டி கசங்காமல் பந்தியில் உட்காருபவர் போல, பார்த்துப் பார்த்துச் சாய்ந்தார்.

‘கட்’ என்றாள் அவள்.

மணப்பாடு கடற்கரையில் உச்சி வெயில். போலிக் கம்பளித் தோல் போர்த்திய இருபத்திரண்டு வைக்கிங்குகள் வியர்த்து வழிந்து நின்றார்கள். ஒருவர்கூட சலித்துக்கொள்ளவில்லை. இன்னொரு டேக் போகலாம் என்று அவர்களே கேட்டார்கள்.

ஏன் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் இயக்குவது இருபது நிமிடக் குறும்படம். கடல்நாகத்தின் சாபம் தீர, ஒரு வைக்கிங் கூட்டம் தன் தலைவனைத் தானே வெட்ட வேண்டும். அந்த வெட்டு ஒன்றுதான் பாக்கி. அதற்குக் காசில்லாமல் படம் மூன்று வருடம் கிடந்தது. கடைசியில் இணையத்தில் கூட்டுநிதி கேட்டு ஒரு பக்கம் திறந்தாள். இந்தக் காட்சியின் செலவை ஏற்பவர் தலைவனாக நடித்துச் சாகலாம் என்று எழுதினாள். மற்ற காட்சிகளில் தலைவன் முகமூடியோடே திரிந்தது வசதியாகப் போயிற்று.

சாக யாரும் வரவில்லை.

பிறகு தூத்துக்குடியிலிருந்து ஒரு காப்பீட்டு அலுவலகமே வந்தது. இருபத்திரண்டு பேர், ஆளுக்குக் கொஞ்சம். காசாளர் ஜெபக்கனி கூடவே ஒரு குறிப்பு போட்டிருந்தாள். எங்கள் மேலாளர் சாக வேண்டும், வெட்ட நாங்களே வருகிறோம் என்று. காரணத்தையும் எழுதியிருந்தாள். தன் சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு அவர் கொடுத்தது அரை நாள் லீவு.

குறிப்பைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் யோசித்தாள்.

பிறகு சம்மதம் என்று பதில் போட்டாள். படம் முடிந்தாக வேண்டும்.

மேலாளர் பெயர் ஞானசிகாமணி. காலையில் வேனிலிருந்து இறங்கியதும், ஊழியர்கள் தனக்குத் தந்த பிறந்தநாள் பரிசு இது என்று அவளிடம் சொன்னார். தாடி ஒட்டும்போது அசையாமல் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மறந்து முதல் டேக்கில் அதோடே செத்தார்.

டேக்குக்கு ஒருவராகக் கோடரியை வாங்கிக்கொண்டார்கள். ரப்பர் கோடரிதான். ஆனாலும் மூன்றாவதாக வெட்டிய கிளெய்ம் பிரிவு ஆள், ‘கட்’ சொன்ன பிறகும் இரண்டு வெட்டு கூடுதலாக வெட்டினான்.

அதைப் பார்த்ததும் அவள் இடைவேளை விட்டாள்.

சர்பத் வந்தது. இருபத்திரண்டு பேரும் பனை நிழலில் இருந்த மானிட்டரைச் சுற்றிக் கூடினார்கள். சார் செத்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். ஞானசிகாமணி மட்டும் தூரத்தில், ஒரு வள்ளத்தின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அவள் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். தட்டுத்தடுமாறிச் சொன்னாள். இது பிறந்தநாள் பரிசு இல்லை சார் என்று.

அவர் சர்பத்தை முழுக்கக் குடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

‘தெரியும் மேடம். அந்தப் பக்கத்த டெய்லி பாத்துட்டுதான் இருந்தேன். கடைசி நாள் வரைக்கும் தொகை நிறையல. ஆபீஸ்ல எல்லாரும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருந்தாங்க. நாலு வருஷத்துல இவங்க ஒண்ணா சேந்து செஞ்ச ஒரே காரியம் இது. டார்கெட் எட்டாம விட மனசு வரல. மீதியை நான்தான் போட்டேன்.’

கடைசி நாளில் யாரோ பெயர் சொல்லாமல் பணம் போட்டிருந்தார். யாரென்று அவள் அதுவரை யோசித்ததில்லை.

இதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டாம், சங்கடப்படுவார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

அவள் தலையாட்டினாள். அப்போதுதான் அவர் தாடிக்குள் இருந்த சின்ன மைக் கண்ணில் பட்டது. சாகும்போது முனகலைப் பதிவதற்காக மாட்டியது. யாரும் அதை அணைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

பனை நிழலில், மானிட்டருக்குப் பக்கத்திலிருந்த ஸ்பீக்கரையே இருபத்திரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர்கள் கையில் அப்படியே இருந்தன.

ஞானசிகாமணி எதையும் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, சாகும் இடத்துக்கு நடந்தார்.

நான்காவது டேக். வெட்டும் முறை ஜெபக்கனிக்கு.

அவள் கோடரியைத் தூக்கினாள். இறக்கினாள். கழுத்தில் பட்டதா என்பதே சந்தேகம்.

ஆனால் இந்த முறை அவர் கையை ஊன்றவில்லை. முழங்காலைப் பார்க்கவில்லை. அப்படியே முகம்குப்புற விழுந்தார். ஓர் அலை வந்து தாடியை நனைத்துவிட்டுப் போனது. அவர் அசையவில்லை.

சாபம் தீர்ந்ததென்று கூட்டம் ஆர்ப்பரிக்க வேண்டும். அப்படித்தான் காலையில் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கிளெய்ம் பிரிவு ஆள் தலையைக் குனிந்துகொண்டு மூக்கை உறிஞ்சினான்.

எழுதியதைவிட நன்றாக இருந்தது.

‘கட்’ என்றாள். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்துவிடலாம் என்றும் சொன்னாள். ஞானசிகாமணி மணலைத் துப்பிவிட்டு உற்சாகமாக எழுந்து தன் இடத்தில் போய் நின்றார்.

கோடரியைக் காணோம்.

எல்லோரும் தேடினார்கள். வள்ளத்துக்கு அடியில் பார்த்தார்கள். சர்பத் வாளியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் தன் சட்டைப் பைக்குள்கூடத் தேடினார். இத்தனை மெதுவாக யாரும் எதையும் தேடி அவள் பார்த்ததில்லை.

ஜெபக்கனி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்த வெயிலிலும் கம்பளித் தோலை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடலைப் பார்த்து விறைப்பாக நின்றாள். அவள் பிடரிக்குப் பின்னால் ரப்பர் பிடி ஒன்று ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

கேமராவுக்குப் பின்னாலிருந்து அவள் அதைப் பார்த்தாள்.

வெளிச்சம் போய்விட்டது என்று சொல்லி, பேக்கப் அறிவித்தாள். மணி ஒன்றரை.