அஃப்ஸர் ஜஹானின் அபூர்வ வியாதி

ஆம்பூர் தோல் மண்டி முதலாளியம்மா அஃப்ஸர் ஜஹானின் ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதம் ஏறியிருந்தது. கல்லீரல் புற்றுநோயாக இருக்கலாம், அதிலும் அபூர்வ வகையாக இருக்கலாம் என்றார்கள்.

"கண்டவங்களுக்கு வர்ற வியாதியா நமக்கு வரும்?" என்று விசாரிக்க வந்தவர்களிடம் பெருமைப்பட்டார். கடைசி ஆசையையும் சொன்னார். ஐந்து வருஷமாகப் பிள்ளை பெறாத மருமகள் மஹீனை அனுப்பிவிட்டு, மகன் வக்காருக்கு வேறு நிக்காஹ் செய்ய வேண்டும்.

"மொதல்ல ஸ்கேன் எடுக்கலாம் அம்மி" என்று வக்கார் கெஞ்சி, வேலூருக்கு அழைத்துப் போனான்.

"கல்லீரல் சுத்தமா இருக்கே! ரத்தம் எங்க எடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"வீட்லதான் டாக்டர்" என்றான் வக்கார். "எங்க வீட்ல பொம்பளைங்க திரைக்குப் பின்னாலேந்து கையை மட்டும் நீட்டுவாங்க."

"நீட்டினது உங்க கைதானேம்மா?"

அஃப்ஸர் ஜஹான் மின்விசிறியைப் பார்த்தார். "ஊசின்னா எனக்குக் கொஞ்சம் பேஜாரு. மருமகளை நீட்டச் சொன்னேன்."

வக்கார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "அப்போ கேன்சர் மஹீனுக்கா?"

"பதறாதீங்க. கர்ப்பமா இருந்தாலும் ஏ.எஃப்.பி. ஏறும். அந்த டெஸ்ட்டை மொதல்ல எடுங்க."

எடுத்தார்கள். மறுநாள் விசாரிக்க வந்தவர்களிடம் அஃப்ஸர் ஜஹான் சொன்னார்: "மருமக உண்டாயிருக்கா. அவளுக்கே தெரியாது, நான்தான் கண்டுபிடிச்சேன்."