யார் மேஜையில் தூங்கியது?

"என் பணத்தை மடியில கட்டிக்கிட்டு இங்க ஒரு ஆள் சுகமாத் தூங்குது. அது யாருன்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

பெட்டிக்காரர் போட்ட சத்தத்தில் கணக்குப் பிரிவில் நாலு தலைகள் நிமிர்ந்தன. ஐந்தாவது தலை மட்டும் நிமிரவில்லை. பில் பார்க்கிற அம்மா கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கிறவர் பெட்டிக்காரர். மூன்று லோடு போட்டார், மூன்று பில் கொடுத்தார். முப்பது நாளில் பணம் என்று பேச்சு. இன்றோடு நூற்று நாற்பது நாள்.

"ஏம்மா, என் பில்லு எங்க?"

"இருக்கு சார்."

"இருக்குன்னா? அடைகாக்கிறியா? எப்பம்மா குஞ்சு பொரிக்கும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"அனுமதி வரணும் சார். நாளைக்கு..."

"இந்த நாளைக்கைத்தான் நாலு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன். சனிக்கிழமை ஆனா பெட்டி ஒட்டுற பன்னெண்டு பேர் கூலிக்குக் கை நீட்டுவாங்க. போன வாரமே பாதிதான் கொடுத்தேன். இந்த வாரமும் இல்லைன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. நீ வந்து அவங்ககிட்ட நாளைக்குன்னு சொல்றியா?"

அந்த அம்மா மறுபடியும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

பெட்டிக்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் அறைந்தார்.

"பாரு. கெடு தாண்டினா வட்டி. அது போக, பில்லுக்கு இவ்வளவுன்னு இழப்பீடு. நானா சொல்லல, சட்டம் சொல்லுது. ஏழாயிரத்து முன்னூறு. அசலோட சேர்த்து இன்னிக்கு வரலைன்னா நாளைக்குப் புகார்!"

கண்ணாடிக் கதவு பட்டென்று திறந்தது. புகார் என்கிற வார்த்தைக்கு அப்படி ஒரு சக்தி. மேனேஜரே எழுந்து வந்துவிட்டார்.

"அடடே, முதலாளி! உங்களை நிக்க வெச்சா பேசுறாங்க? உள்ள வாங்க, உக்காருங்க. யாருப்பா அங்க, ஒரு காபி!"

உள்ளே போனதும் மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "வட்டியை ஒரு மூவாயிரத்துல முடிச்சுக்கலாமே?"

"சார், நான் பேரம் பேசியே பிழைச்சவன். இதுல பேரம் கிடையாது."

"சரி சரி, ஏழாயிரத்து முன்னூறே வாங்கிக்குங்க. தப்பு எங்க ஆள் மேல. பில்லை மேஜையில தூங்க விட்டா இப்படித்தான். நான் பார்த்துக்கறேன்."

பெட்டிக்காரருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிற ஆளை அவர் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

அரை மணி நேரத்தில் அந்த அம்மா வந்தார். ஒரு கையில் செக்கும் வவுச்சரும். இன்னொரு கையில் 'பணம் கொடுத்தாச்சு' என்று முத்திரை குத்துவதற்காக அந்த மூன்று பில்கள்.

"இங்க ஒரு கையெழுத்து சார்."

பெட்டிக்காரர் ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டு ஒரு வேனையே பறிகொடுத்தவர். விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

'வட்டி, இழப்பீடு: பில் பிரிவு ஊழியர் சம்பளத்தில் ஐந்து தவணையாகப் பிடித்தம்.'

"இது என்ன சார்?"

"எங்க வழக்கம் அது. பில் யார் மேஜையில நிக்குதோ, அபராதம் அவங்க தலையில. கம்பெனி ஏன் நஷ்டப்படணும்?" மேனேஜர் சிரித்தார். "உங்களுக்கென்ன முதலாளி, காசு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா என்ன?"

பெட்டிக்காரர் அந்த அம்மா பக்கம் திரும்பினார். "நாலு மாசம் ஏம்மா நிறுத்தி வெச்சே?"

அந்த அம்மா மேனேஜரைப் பார்த்தார். கையிலிருந்த பில்களை மேஜையில் வைத்தார்.

மேனேஜரின் கை சட்டென்று நீண்டது. பெட்டிக்காரரின் கை முந்திக்கொண்டது.

ஒவ்வொரு பில்லின் முதுகிலும் மூன்று சீட்டுகள் ஒட்டியிருந்தன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை, முத்து முத்தான கையெழுத்து.

'நாளையோடு கெடு முடிகிறது. அனுமதிக்கவும்.'

'கெடு தாண்டிவிட்டது. அனுமதிக்கவும்.'

'பெட்டிக்காரர் நேரில் வந்தார். கூலி கொடுக்கப் பணமில்லையாம். தயவுசெய்து அனுமதிக்கவும். பில் பிரிவு.'

ஒன்பது சீட்டுக்கும் கீழே பச்சை மையில் ஒரே பதில்: 'சத்தம் போடும்வரை நிறுத்தி வை. மேனேஜர்.'

பெட்டிக்காரர் பேனாவை மூடினார். அன்றைக்கு முதல் முறையாக அவர் குரல் தணிந்து வந்தது.

"ஏம்மா, இந்த வவுச்சரைக் கிழிச்சிட்டு வேற எழுது. தொகையில ஒரு பைசா குறையக்கூடாது. பிடித்தம்ங்கிற இடத்துல மட்டும் ஆளை மாத்து."

"யாரை எழுதட்டும் சார்?" அந்த அம்மா வவுச்சரைக் கையில் எடுத்தார்.

"முதலாளி, இது எங்க கம்பெனி விஷயம்" என்றார் மேனேஜர். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இந்த ஒன்பது சீட்டையும் நாளைக்குப் புகாரோட சேர்த்து வெச்சா அது ஊர் விஷயம்." பெட்டிக்காரர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாலு மாசம் தூங்கினது போதும். அந்தப் பச்சைப் பேனாவை எடுங்க சார். 'என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க, அனுமதிக்கிறேன்'னு உங்க கையாலயே எழுதுங்க!"