காளிதாஸுக்கு வல்லாரை

மீனம்மாள் வல்லாரைச் சாற்றைக் காளிதாஸின் வாயில் ஊற்றி, உதட்டோரம் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

கசப்பில் அவர் முகம் சுளித்தார். பிறகு குழந்தை மாதிரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மண்டபத்தில் ஒரு காலத்தில் அவருக்குச் சொந்தமாக மீன்பிடி வள்ளம் இருந்தது. இப்போது காலையில் சாப்பிட்டதுகூட நினைவில்லை. மகன் மஸ்கட்டில். மருமகள் ஜெயசுதா தனியாகத் திணறிக்கொண்டிருந்தபோது, பாம்பனிலிருந்து மீனம்மாள் தானாக வந்து வேலை கேட்டாள்.

இந்த மறதிக்கு மருந்தில்லை என்று டாக்டர் கைவிரித்திருந்தார். மீனம்மாள் கேட்கவில்லை. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் வல்லாரை எங்கே முளைக்கும்? கீரைக்காரியிடம் சொல்லிவைத்து மதுரையிலிருந்து வரவழைத்தாள். வயிற்றைப் புரட்டாமலிருக்க ஓமமும் தட்டிப்போட்டாள்.

பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஜெயசுதா போனில் கணவனிடம் சொன்னாள்.

சாறு உள்ளே இறங்கியதும் மீனம்மாள் தினமும் அவர் காதருகே குனிந்து ஒரே கேள்வியைக் கேட்பாள். இன்றும் கேட்டாள்.

"அன்னைக்கு வள்ளத்துல எத்தன பேரு போனீக?"

நாற்பது நாளாக ஒரே பதில்தான். தான் மட்டும் போனதாகச் சொல்வார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆளைக் காணோமென்று கரையெல்லாம் விசாரித்த போலீசிடமும் அதைத்தான் சொன்னார்.

இன்று சிரிப்பு நின்றது. மெல்ல இரண்டு விரல்களைத் தூக்கினார்.

"முனீசும் வந்தான். தவறி விழுந்துட்டான். கூப்புட்டுக்கிட்டே இருந்தான். நான் வள்ளத்தத் திருப்பல."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

ஜெயசுதா பதறி ஓடிவந்தாள். சாயல்குடியிலிருந்து அவள் வாழ வந்தே ஐந்து வருஷம்தான். முனீசு யாரென்று தெரியாது. மாமா இப்படி அழுகிறாரே, இந்தச் சாறு போதும், நிறுத்திவிடலாம் என்றாள்.

"இப்பத்தான் மருந்து கேக்குது. நிறுத்தப்படாது. நாளைக்கு ரெண்டு கட்டாச் சொல்லிவிடு."

முனீஸ்வரன் எவளோடோ ஓடிப்போய்விட்டான் என்று ஊர் சொன்னது. கட்டியவளும் அதை நம்பினாள். போன வருஷம் ஒரு வலைக்காரர், அன்று அவன் காளிதாஸின் வள்ளத்தில் ஏறியதைப் பார்த்ததாக வாய் திறக்கும் வரைக்கும், அவன் நாசமாய்ப் போகவேண்டுமென்று தினமும் கடலைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள், மீனம்மாள்.