கண்டென்சரின் சம்மதம்

ஆய்வகத்தில் ஆவியைக் குளிரவைப்பது கண்டென்சர்தான் என்று முதுகலை வேதியியல் படித்தவர்களே நம்புகிறார்கள். இது மிகவும் வருந்தத்தக்க பிழை. குளிரவைப்பது அதன் கண்ணாடி உறைக்குள் ஓடும் குழாய்த் தண்ணீர். கண்டென்சர் செங்குத்தாக நிற்கிறது, பெயர் வாங்குகிறது.

ஆய்வு மாணவி தமயந்தி ஒரு குடுவையில் எத்தனாலைக் கொதிக்கவிட்டு, அதன் வாயில் கண்டென்சரைப் பொருத்திவிட்டுப் போயிருந்தாள். எத்தனால் துளி ஒன்று காலையிலிருந்து ஆவியாகி மேலே ஏறுவதும், குளிர்ந்து மறுபடி குடுவைக்குள் விழுவதுமாக இருந்தது.

“சார், இது நாற்பதாவது தடவை. இப்பவாவது வெளியே விடுங்க” என்றது துளி.

“நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? உனக்கு இன்னும் பக்குவம் வரலையே. போய்க் கொதிச்சுட்டு வா” என்றது கண்டென்சர்.

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”

“போன தடவையும் வரலை.”

துளி கீழே போயிற்று.

மதியம் மாடித் தொட்டி காலியாகி, குழாயில் தண்ணீர் நின்றது. அடுத்த தடவை ஏறிவந்த துளியை எதுவும் தடுக்கவில்லை.

“நில்லு, இன்னும் ஒரே ஒரு தடவை” என்று ஆரம்பித்தது கண்டென்சர்.

“சரிங்க சார்” என்று துளி பணிவாகச் சொன்னபோது கண்டென்சரின் திறந்த மேல்வாயைத் தாண்டியிருந்தது. பின்னாலேயே மற்றத் துளிகளும் வந்தன.

ஆய்வைக் கண்காணிக்கும் கைடு ஒன்பதாம் முறையாகத் திருத்தச் சொன்ன ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்துடன் தமயந்தி அவர் அறையிலிருந்து திரும்பியபோது குடுவை வறண்டிருந்தது. அவள் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தாள்.