ஹாஜறாவுக்குப் பிடித்த படம்

“ஒனக்கு வேற படமே கிடைக்கல்லயா ராத்தா? அந்தப் பள்ளிக்கூடத்துப் பெட்டைர வயித்த நானும் எத்தின தரம்தான் பாக்குற?”

“புடிக்காட்டி எழும்பிப் போ. அவள் புள்ளயப் பெறட்டும், நிப்பாட்டுறன்.”

“சத்தத்தயாவது குறை. ஊரே கேக்குது.”

ஊர் கேட்டதோ இல்லையோ, மதிலுக்கு இந்தப் பக்கம் றாபியா கேட்டாள். தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

வேறு நாளென்றால் கதிரையை மதிலோரம் இழுத்துப் போட்டிருப்பாள். கல்முனைக்குடியில் எந்த வீட்டு மருமகன் கோபித்துக்கொண்டு போனான், எந்த வீட்டு ஆணம் புளித்தது என்பதெல்லாம் நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அவளிடம் வந்து சேரும். பின்னேரத்து அஸருக்கு முன் மற்றவர்களிடம் போய்ச் சேரும்.

ஆனால் இன்று ஹோலில் றுஸ்தா உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஸஜாத்தின் சாச்சி.

பக்கத்து வீட்டு அபுல் ஹஸனின் இளையவள் ஹிமாயாவை அவனுக்குப் பேசியிருந்தார்கள். சம்பந்தம் உறுதியாகுமுன் அயல்வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்து விசாரிப்பது மாப்பிள்ளை வீட்டாரின் வழக்கம். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் எதிர்வீட்டுத் தேத்தண்ணியோடு கலைந்துபோயின.

ஹிமாயாவுக்கு இருபது வயது. ராத்தா ஹாஜறாவுக்கு முப்பத்தேழு. இடையில் யாருமில்லை. அல்லாஹ் பிந்திக் கொடுத்த பிள்ளை என்று அவர்களின் உம்மா மவுத்தாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை றாபியா ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் கதை முழுவதும் தெரியும். ஹாஜறாவே மதிலால் எட்டி இரண்டு தரம் சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்குப் போவாள். வாய் மட்டும் எட்டூருக்குக் காணும். பெற்றதைப் பிள்ளையில்லாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டுப் பரீட்சை எழுதப் போவாள்.

சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஹாஜறா சிரிப்பாள். முடிவில் மட்டும் குசினிப் பைப் திறக்கும் ஓசை கேட்கும்.

றுஸ்தா தேத்தண்ணியைத் தொடவில்லை.

“என்னகா அது, புள்ளப்பெறுற கதை? கலியாணம் முடிக்காத ரெண்டு பொம்புளைகள் இருக்கிற ஊட்டுல?”

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக றாபியாவின் வாய்க்கு யோசிக்க நேரம் தேவைப்பட்டது.

“படம் கா. நான்தான் குடுத்த. மருமகன் கட்டாரிலருந்து அனுப்பின. எனக்கு அதெண்டா உசிர்.”

“இந்த வயசிலயா?”

“ஓம். என்ட குணம் அப்பிடி. அதுகள் பாவம், எனக்காகப் பாக்குதுகள்.”

றுஸ்தா அவளை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருமுறை அளந்தாள். பிறகு தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள்.

அந்தக் கிழமையே றாபியா பார்க்கும் படங்களைப் பற்றி மாப்பிள்ளையின் ஊரான நிந்தவூர் முழுக்கக் கதை போனது. ஊர்க்கதையெல்லாம் சுமந்தவள் முதல்முறையாகத் தானே ஒரு கதையானாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஹிமாயாவுக்கும் ஸஜாத்துக்கும் நிக்காஹ் நடந்தது. மூத்தவள் இருக்க இளையவளுக்கா சீதன வீடு என்று ஊர் கேட்டது. ஹாஜறாதான் ஒற்றைக்காலில் நின்று வீட்டை ஹிமாயாவின் பேருக்கு எழுதவைத்தாள். மாப்பிள்ளை குடிவந்தான்.

நிக்காஹ் மஜ்லிஸில் அபுல் ஹஸன் முன்வரிசையில்தான் இருந்தார். ஆனால் வாப்பா உட்கார்ந்து பெண்ணைக் கொடுக்கவேண்டிய இடத்தில் மார்க்க நீதிபதி காழியார் உட்கார்ந்து கொடுத்தார். வாப்பா வழியில் யாருமே இல்லாத பெண்ணுக்குத்தான் அப்படிச் செய்வது. ஆட்கள் முகத்தை முகம் பார்க்குமுன், அபுல் ஹஸனுக்கு நெஞ்சு அடைக்கிறதாம், வாய் திறக்க ஏலாதாம் என்று றாபியா பெண்கள் பக்கம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள்.

அடுத்த வருடம் ஹாஜறா, மனைவியை இழந்த ஜெமீலைக் கலியாணம் முடித்துச் சம்மாந்துறைக்குப் போனாள். ஹிமாயாவின் பிள்ளைக்கு நாற்பதாம் நாள் என்றுதான் திரும்பி வந்தாள். வந்தவள் பிள்ளையைத் தொடாமல், வாசல் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை மடியில் வாங்க, உம்மாவைப் பெற்ற உம்மம்மா உயிரோடு இல்லையே என்று வந்த பெண்கள் கவலைப்பட்டார்கள்.

றாபியா தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிப்போய் அவள் மடியில் கிடத்தினாள். ஹாஜறாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, பிள்ளையிடம் சொன்னாள்:

“இந்தா, ஒன்ட உம்மம்மாட்டப் போ.”